விசிறிக்குப் பின்னால் நாலு பேர்

பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு பயம் உண்டு. மே மாத மத்தியானம். சிக்னல் சிவப்பு. வண்டி நகரவில்லை. ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் இருக்கும் அந்தக் குட்டி வெப்ப முள் மெல்ல மேலே ஏறுகிறது. வழக்கமாக இந்த நேரத்துக்கு பானட்டுக்குள் ‘உய்ய்ங்...’ என்று ஒரு விசிறி சுற்ற ஆரம்பிக்கும். இன்றைக்குச் சத்தத்தையே காணோம்! பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கிறார். முள் இன்னும் ஏறுகிறது...

அந்த விசிறி ஏன் சுற்றவில்லை என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். பெரிய வித்தை இல்லை. ஆனால் அந்த விசிறி அங்கே எப்படி வந்தது, மின்சாரத்தில் ஏன் சுற்றுகிறது, எப்போது சுற்ற வேண்டும் என்று அதற்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், கதை கார் பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னால், ஒரு மரத் தச்சர் வீட்டு வாசலில் போய் நிற்கும். கொஞ்சம் பொறுமையாகக் கூட வாருங்கள், கடைசியில் உங்கள் காரையும் பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு கசப்பான கணக்கு. பழைய பெட்ரோல் இன்ஜினில் நீங்கள் ஊற்றும் பெட்ரோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. மீதி எல்லாம் சூடு. அதில் ஒரு பகுதி சைலன்ஸர் வழியாக வெளியே போகும். இன்னொரு பகுதியை நாம்தான் அப்புறப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜின் தன்னைத்தானே வேகவைத்துக்கொள்ளும்.

கார்ல் பென்ஸ் 1886-ல் பேடன்ட் வாங்கிய மூன்று சக்கர வண்டியில் இதற்கு அவர் செய்த ஏற்பாடு ரொம்ப எளிமையானது. இன்ஜினைச் சுற்றித் தண்ணீர். அது கொதித்து ஆவியாகும். ஆவியோடு சூடும் போய்விடும். அவ்வளவுதான்! தண்ணீர் தீர்ந்தால் திரும்ப ஊற்ற வேண்டியது. 1888 ஆகஸ்ட்டில் அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்கு அந்த வண்டியில் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல்! அடைத்துக்கொண்ட பெட்ரோல் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தது, மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கியது எல்லாம் பலருக்குத் தெரிந்த கதை. அவ்வளவாகப் பேசப்படாத விஷயம், வழியெங்கும் அவர் தண்ணீர் தேடி நின்றதுதான். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணமே, ‘நிறுத்துப்பா, கொஞ்சம் தண்ணி ஊத்திட்டுப் போலாம்’ பயணம்தான்.

இதை மாற்றியவர் டைம்லர் கம்பெனியின் வில்ஹெல்ம் மேபாக். எமில் ஜெல்லினெக் என்ற பணக்கார வியாபாரி, தனக்கு வேகமான கார் வேண்டும், அதற்குத் தன் மகள் பெயரை வைக்க வேண்டும் என்று அடம்பிடித்து ஆர்டர் கொடுத்தார். மகள் பெயர் மெர்சிடிஸ். 1900 டிசம்பரில் தயாரான அந்த 35 குதிரைசக்தி காருக்காக மேபாக் செய்த ரேடியேட்டரைப் பார்த்தால் தேன்கூடு மாதிரி இருக்கும். ஆறு மில்லிமீட்டர் சதுரமுள்ள 8,070 குட்டிக் குழாய்கள்! குழாய்க்குள் காற்று, குழாய்களுக்கு இடையே தண்ணீர். ஒன்பது லிட்டர் தண்ணீரே போதும் என்றாகிவிட்டது. அதே நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் ஆயிற்று. கார் மெதுவாகப் போகும்போது காற்று பற்றாது என்று, ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு விசிறியையும் மேபாக் பொருத்தினார். நம் கதாநாயகன் மேடைக்கு வருவது இப்படித்தான்.

அதற்கப்புறம் அறுபது எழுபது வருஷத்துக்கு இந்த விசிறிக்கு யாரும் மூளை வைக்கவில்லை. இன்ஜினின் முன்பக்கத்தில் ஒரு பெல்ட். இன்ஜின் சுற்றினால் விசிறியும் சுற்றும். 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் அப்படித்தான். 1950-களின் கடைசியில் நமக்கு வந்த அம்பாசடரில், பின்னால் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட்டில், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில், எல்லாவற்றிலும் அதே பெல்ட் விசிறிதான். நம்பகமான சாதனம், சந்தேகமில்லை. பெல்ட் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் முட்டாள் சாதனமும்கூட. கார் நெடுஞ்சாலையில் பறக்கும்போது எதிர்க்காற்றே போதும், விசிறியே வேண்டாம். அப்போது வெறித்தனமாகச் சுற்றும். சிக்னலில் நிற்கும்போதுதான் விசிறி வேண்டும். அப்போது இன்ஜினே மெதுவாக ஓடுவதால் இதுவும் சோம்பேறித்தனமாகச் சுற்றும்! மலைப்பாதைத் திருப்பங்களில் பானட்டைத் திறந்துவைத்து, ஆவி பறக்க நின்ற அம்பாசடர்களையும், பக்கத்தில் தண்ணீர் கேனோடு நின்ற டிரைவர்களையும் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பெல்ட்டைக் கைவிட வைத்தது எது தெரியுமா? சூயஸ் கால்வாய்! 1956-ல் எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்க, பிரிட்டன் சண்டைக்குப் போய் மூக்குடைபட, இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. ‘குறைந்த பெட்ரோலில் ஓடும் குட்டி கார் வேண்டும்’ என்று பிஎம்சி கம்பெனி அலெக் இஸிகோனிஸிடம் கேட்டது. பத்தே அடி நீளத்தில் நாலு பேர் உட்கார வேண்டும். இடமே இல்லை. இன்ஜினை நீளவாக்கில் வைக்காமல் குறுக்காகத் திருப்பிப் போட்டுவிட்டார் மனிதர். 1959 ஆகஸ்ட்டில் வந்த அந்த மினி, கார் உலகத்தையே புரட்டிப் போட்டது.

ஆனால் விசிறி? அதுவரை இன்ஜினின் மூக்கு ரேடியேட்டரைப் பார்த்து இருந்தது. இப்போது மூக்கு பக்கவாட்டுச் சக்கரத்தைப் பார்க்கிறது. பெல்ட் விசிறியை விட மனமில்லாத இஸிகோனிஸ், ரேடியேட்டரையே தூக்கி இன்ஜினுக்குப் பக்கத்தில் வைத்தார். எதிர்க்காற்று நேராகப் போய் அடிக்காத ஓர் இடம். விசிறி, இன்ஜின் அறையில் ஏற்கெனவே சூடான காற்றைப் பிடித்து ரேடியேட்டர் வழியாகச் சக்கரத்தின் பக்கம் தள்ளியது. ரேடியேட்டர் இருக்க வேண்டிய முன்பக்கம் காலியாகிவிட்டதால், மழைத் தண்ணீர் நேராக உள்ளே வந்து டிஸ்ட்ரிபியூட்டரை நனைத்து வண்டியை நிறுத்தியது தனிக் கதை. மேதைகளும் பழக்கத்தை லேசில் விடுவதில்லை!

முடிச்சை அவிழ்த்தவர் இத்தாலிக்காரர், ஃபியட்டின் டான்டே ஜியகோஸா. ‘விசிறியை இன்ஜின்தான் சுற்ற வேண்டும் என்று யார் சொன்னது? ரேடியேட்டரைப் பழையபடி முன்னால் வை. விசிறிக்குத் தனியாக ஒரு மின்சார மோட்டார் கொடு. சூடானால் மட்டும் சுற்றட்டும்.’ இதுதான் அவர் பதில். ஃபியட் முதலாளிகளுக்கு உள்ளூர உதறல். அதனால் 1964-ல், தங்கள் கிளை நிறுவனமான ஆட்டோபியாங்கியின் பெயரில் பிரிமூலா என்ற காரை விட்டு ஆழம் பார்த்தார்கள். ஓடியது. 1969-ல் ஃபியட் 128 வந்தது. அடுத்த வருஷம் ஐரோப்பாவின் சிறந்த கார் விருதையும் வாங்கியது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, சும்மா சுற்றும் விசிறிக்குப் பெட்ரோல் செலவழிப்பது எல்லோருக்கும் உறுத்த ஆரம்பித்தது. குறுக்கு இன்ஜின், முன்சக்கர இழுவை, மின்சார விசிறி என்ற இந்தக் கூட்டணி உலகம் முழுக்கப் பரவியது.

1983 டிசம்பர் 14-ம் தேதி இந்திரா காந்தி முதல் மாருதி 800-ன் சாவியை எடுத்துக் கொடுத்தபோது, ஜப்பானிய சுஸுகி வழியாக நமக்கு வந்து சேர்ந்ததும் இந்தக் கூட்டணிதான். அம்பாசடருக்குப் பழகிய நம்ம ஊர் மெக்கானிக்குகள் பானட்டைத் திறந்து, ‘என்ன சார், ஃபேன் பெல்ட்டில் ஃபேனே இல்லை?’ என்று கேட்டிருந்தால் ஆச்சரியம் இல்லை. 2014 ஜனவரியில் மாருதி 800 தயாரிப்பு நின்றுவிட்டாலும், அந்த வம்சத்தில் வந்த பழைய கார்கள் இன்னும் நம்மோடு ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. விசிறிகளும் அவ்வப்போது நின்றுகொண்டுதான் இருக்கின்றன.

சரி, உங்கள் காருக்கு வருவோம். முதல் கேள்வி: குற்றவாளி விசிறிதானா? முள்ளைக் கவனியுங்கள். நெரிசலில் ஏறி, வண்டி வேகமெடுத்ததும் இறங்கினால் விசிறிமேல் சந்தேகப்படலாம். நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போதும் ஏறிக்கொண்டே இருந்தால் விசிறியைத் திட்டாதீர்கள். தண்ணீர் குறைவு, அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மாஸ்டாட் வால்வு என்று வேறு இடத்தில் தேட வேண்டும்.

இன்னொன்று, இது உயிர் சமாசாரம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே நம் வீட்டு குக்கர் தத்துவம்தான். அழுத்தத்தில் இருப்பதால் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சாதுவாக இருக்கும். மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் போய், மொத்தமும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் ஆறவிடுங்கள்.

இப்போது விசிறிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நாலு பேரை ஒவ்வொருவராக விசாரிக்கலாம்.

முதல் ஆள் ஜான் ஹாரிஸன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1693-ல் பிறந்த தச்சர். 1707-ல் ஸில்லி தீவுகள் அருகே, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் நாலு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பாறையில் மோதி நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு பரிசு என்று 1714-ல் பார்லிமென்ட் சட்டமே போட்டது. துல்லியமான கடிகாரம் இருந்தால் போதும், கணக்கு முடிந்தது. ஆனால் கப்பல் வெயில் பிரதேசத்துக்குப் போனால் கடிகாரத்தின் ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து நேரம் பிசகும். ஹாரிஸன் தன் மூன்றாவது கடிகாரத்தோடு பத்தொன்பது வருஷம் மல்லுக்கட்டினார். அதில் அவர் கண்டுபிடித்ததுதான் இரட்டை உலோகப் பட்டை. பித்தளை ஒரு பக்கம், எஃகு ஒரு பக்கம், இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி. சூடானால் பித்தளை அதிகமாக நீளும், எஃகு குறைவாக நீளும். ஆக, பட்டை வளையும். அந்த வளைவே கடிகாரத்தைத் திருத்தும். அந்தக் கடிகாரம் பரிசை வாங்கித் தரவில்லை. கைக்கடக்கமான அடுத்த கடிகாரம்தான் ஜெயித்தது. அதற்கும் கமிட்டிக்காரர்கள் பணத்தை இழுத்தடித்தார்கள். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் தலையிட்ட பிறகு, 1773-ல் மீதிப் பணம் வந்தபோது ஹாரிஸனுக்கு வயது எண்பது.

அந்தப் பட்டையின் பேரப்பிள்ளைதான் உங்கள் காரில், ரேடியேட்டரிலோ தண்ணீர் போகும் வழியிலோ திருகியிருக்கும் தெர்மோ ஸ்விட்ச். உள்ளே ஒரு குட்டி இரட்டை உலோகத் தகடு. தண்ணீர் தொண்ணூறு டிகிரியைத் தாண்டியதும் ‘டக்’கென்று வளைந்து மின்சாரத்தை இணைக்கும். விசிறி சுற்றாத பழைய கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். வெந்து வெந்து ஆறும் பிழைப்பு அதற்கு. சோதிப்பதும் சுலபம். இரண்டு வயர் ஸ்விட்ச்சாக இருந்தால், சாவியை ஆன் செய்துவிட்டு, ஸ்விட்ச்சின் வயர் சொருகியைக் கழற்றி, சொருகியின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். ஒற்றை வயர் என்றால் அந்த வயரை இன்ஜின் உலோகத்தில் தொடுங்கள். கை, சட்டை நுனி எதுவும் விசிறிப் பக்கம் போகக் கூடாது. விசிறி சுற்றினால் மற்ற மூவரும் நிரபராதிகள், ஸ்விட்ச்சை மட்டும் மாற்றினால் போதும். (கம்ப்யூட்டர் வைத்த பிற்கால கார்களில் இந்த வேலை வேண்டாம். அங்கே இருப்பது ஸ்விட்ச் அல்ல, சென்சார். அதற்கு வேறு வைத்தியம்.)

சுற்றவில்லையா? இரண்டாவது ஆள் எடிசன். ஊருக்கு மின்சாரம் கொடுக்கப்போனபோது அவருக்கு ஃபியூஸ் தேவைப்பட்டது, 1890-ல் பேடன்ட்டும் வாங்கினார். கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியர் புதுசு போடுங்கள். மறுபடியும் போனால், மோட்டார் இறுகிப்போய் மின்சாரத்தை அதிகம் குடிக்கிறது என்று சந்தேகப்படலாம். சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடும் சாமர்த்தியம் வேண்டாம், வயர் எரியும்.

மூன்றாவது ஜோசப் ஹென்றி, அமெரிக்கப் பேராசிரியர். நீளமான வயரில் மின்சாரம் தேய்ந்துபோகிறதே, அந்தப் பலவீனமான மின்சாரத்தால் ஒரு மின்காந்தத்தை மட்டும் அசைத்து, அந்த அசைவால் வேறொரு பலமான மின்சாரத்தைத் திறந்துவிட்டால் என்ன என்று 1835 வாக்கில் செய்து காட்டினார். அதுதான் ரிலே. தந்தியே இதனால்தான் ஊர் ஊராகத் தாவியது. ஹென்றி பேடன்ட் வாங்கவில்லை. பேரும் பணமும் மோர்ஸுக்குப் போனது. உங்கள் விசிறி மோட்டார் குடிக்கும் மின்சாரத்தை அந்தக் குட்டித் தெர்மோ ஸ்விட்ச் தாங்காது என்பதால், நடுவில் ஹென்றி நிற்கிறார். ஸ்விட்ச் முனைகளை இணைக்கும்போது ரிலேயில் விரல் வைத்துப் பாருங்கள். ‘டிக்’ என்று துடிக்க வேண்டும். சில பழைய கார்களில் ரிலேயே இருக்காது, தேடி அலையாதீர்கள்.

கடைசி ஆள்தான் பாவப்பட்டவர். தாமஸ் டேவன்போர்ட், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக் கொல்லர். 1833-ல் ஓர் இரும்பு ஆலையில் மின்காந்தம் ஒன்றைப் பார்த்து மயங்கிப்போனார். சகோதரரின் குதிரையைக் கைமாற்றிப் பணம் புரட்டி அதை வாங்கி வந்தார். பிரித்துப் போட்டு, அதே மாதிரி இன்னொன்று செய்தார். வயர்களுக்கு உறை போட அவர் மனைவி எமிலி தன் கல்யாணப் பட்டு உடையையே கிழித்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1837 பிப்ரவரியில் அமெரிக்காவில் மின்சார மோட்டாருக்கு முதல் பேடன்ட் அவருக்குத்தான் கிடைத்தது. என்ன பிரயோஜனம்? அன்றைக்கு நடைமுறைக்கு உதவும் ஜெனரேட்டர் கிடையாது. பேட்டரியில் துத்தநாகத்தைக் கரைத்து மோட்டார் ஓட்டுவதைவிட நீராவிக்கு நிலக்கரி போடுவது பல மடங்கு மலிவு. யாரும் வாங்கவில்லை. திவாலாகி, 1851-ல் ஐம்பது வயதுகூட முடியாமல் செத்துப்போனார்.

அவர் மோட்டாரில் சுழலும் பாகத்துக்கு உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. உங்கள் விசிறி மோட்டாரில் அந்த வேலையைச் செய்வது கார்பன் பிரஷ்கள். பென்சில் மாதிரி தேய்ந்துகொண்டே வரும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு ஃபியூஸ் வைத்த வயரை நேராகக் கொடுத்துப் பாருங்கள். சுற்றவில்லை என்றால், ஒரு குச்சியால் மோட்டாரை லேசாகத் தட்டுங்கள். தட்டினால் சுற்றுகிறது என்றால் பிரஷ் தேய்ந்துவிட்டது. நேராகக் கொடுத்தால் சுற்றி, காரின் வயரில் சுற்றாவிட்டால், எர்த் வயர் போல்ட்டைப் பாருங்கள். பழைய காரில் பச்சை பூத்து, துருவேறி இருக்கும். உப்புத்தாளால் தேய்த்தாலே பல விசிறிகள் உயிர் பெற்றுவிடும்.

இங்கே ஒரு சண்டை பாக்கியிருக்கிறது. பல பட்டறைகளில் இவ்வளவு விசாரணையும் நடக்காது. ‘டைரக்ட் பண்ணிடலாம் சார்!’ என்பார்கள். அதாவது, தெர்மோ ஸ்விட்ச்சை ஒதுக்கிவிட்டு, சாவி போட்டதும் விசிறி சுற்றுகிற மாதிரி வயர் கொடுப்பது. நடுரோட்டில் நின்றால், வீடு போய்ச் சேர இது நல்ல யோசனைதான், மறுப்பதற்கில்லை. அதையே நிரந்தரமாக்குவதில்தான் எனக்குச் சம்மதமில்லை. ஓயாமல் சுற்றி பிரஷ் சீக்கிரம் தேயும். ஒரு நாள் நெரிசலில் சத்தமில்லாமல் நிற்கும், நீங்கள்தான் ‘ஃபேன் எப்பவும் ஓடுமே’ என்று முள்ளைப் பார்ப்பதையே விட்டிருப்பீர்களே! அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், சில நூறு ரூபாய் ஸ்விட்ச்சுக்குப் பதில் பல ஆயிரம் ரூபாய் இன்ஜின் வேலை வந்து நிற்கும். ‘நம்ம வெயிலுக்கு எதுக்கு சார்?’ என்று தெர்மாஸ்டாட் வால்வையும் கழற்றி எறிபவர்கள் உண்டு. இன்ஜின் காலையில் சூடாகவே நேரமாகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

சரி, நெரிசலில் முள் ஏறிவிட்டது, விசிறி செத்துவிட்டது, ஓரம் கட்ட இடமும் இல்லை. ஏ.சி.யை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுசாகப் போடுங்கள். மே மாதத்தில் ஹீட்டரா என்று கேட்காதீர்கள்! இன்ஜின் தண்ணீரின் சூட்டைத்தான் அது உள்ளே கொண்டுவருகிறது. உங்களுக்கு வேர்த்தால் இன்ஜினுக்குக் குளிரும். அப்படியும் முள் இறங்காவிட்டால் யோசிக்காமல் இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளுங்கள்.

மோட்டாரை மாற்றிவிட்டு வண்டியை எடுக்கும்போது ஒரே ஒரு சோதனை. டேவன்போர்ட்டின் மோட்டாருக்கு வயரை மாற்றிக் கொடுத்தால் அது தலைகீழாகச் சுற்றும். விசிறி சுற்றுகிறதே என்று நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். காற்று மட்டும் எதிர்த்திசையில் போகும், முள் ஏறிக்கொண்டே இருக்கும். மாருதி மாதிரி விசிறி ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் கார் என்றால், விசிறி ஓடும்போது முன்பக்கக் கிரில்லில் ஒரு செய்தித்தாளைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. பறந்தால், இரண்டு வயரையும் இடம் மாற்றிப் போடச் சொல்லிவிட்டு அப்புறம் காசு கொடுங்கள்.